அணுவும் ஆளுமையும்

அணுகுண்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அறிஞர்தம் மேதைமையையே போற்றுவர். அவர்களை ஒருங்குகூட்டிப் பணிகொண்ட ஆளுமையைச் சொல்வோர் சிலரே. 1942இல் அமெரிக்கத் திட்டத்தின் பொறுப்பேற்ற படைத்தலைவர் குரோவ்ஸ், நிருவாக அனுபவமோ நோபல் பரிசோ இல்லாத ஓப்பன்ஹைமரை ஆய்வுக்கூடத் தலைவராகத் தேர்ந்தார். ஏறத்தாழ 1,30,000 பேர் உழைத்தனர். தாம் செய்வது யாதென அவருள் மிகப் பலர் அறியார்.

இந்தியா கண்ட வழி வேறு. போர்க்காலமன்று, ஆயினும் மறைவு மிக இறுக்கமானது. 1974 மே 18 பொக்ரான் சோதனைக்கு இராஜா இராமண்ணாவின் தலைமையில் உழைத்த அறிவியலார் 75 பேரளவே. பாலைநிலத்தில் படைப்பொறியாளர் தோண்டிய குழியை நீர்க்கிணறு என்றே சொல்லிவைத்தனர். தோண்டத் தோண்ட நீரே ஊறிவிட்டது! வானம் பார்த்த பூமியில் வாழும் பெரம்பலூர்ச் சீமை உழவர்க்கு அது பொங்கலிடும் நாள். அவர்களுக்கோ குழியைக் கைவிட்டு வேறிடம் தேடவேண்டிய நாள்.

அக்குண்டின் உருவாக்கத்தில் முன்னின்றவருள் ஒருவர் சென்னையில் பிறந்த இரா. சிதம்பரம். 1998இல் அவரே அணுசக்தி ஆணையத் தலைவர். இராமேசுவரத்து அப்துல் கலாம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைத் தலைவர். 1995இல் அமெரிக்கச் செயற்கைக்கோளின் கண்ணில் பட்டு முயற்சி நின்றுபோனதால், இம்முறை பெரும்பாலும் இரவிலேயே பணி நடந்தது. இருவரும் படையுடை அணிந்து நடராஜ், பிருதிவிராஜ் எனப் பெயர் மாற்றிக்கொண்டனர். புனைபெயர் புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

மே 11 அன்று களத்தை அடுத்த கேதோலாய்ச் சிற்றூர் மக்களை வீட்டைவிட்டு வெளியே இருக்குமாறு படையினர் பணித்தனர். நிலம் அதிர்ந்தது; சுவர்களில் விரிசல் விழுந்தது. காரணம் அவர்களுக்குப் பின்னரே தெரிந்தது.