யாரைப் படம் எடுப்பது?

கல்லூரியில் புகைப்படக் கட்டுரை ஒன்று செய்து வாருங்கள் என்று சொன்னால் எல்லோர் மனதிலும் முதலில் வந்து நிற்கிற தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். வறுமை, முதுமை, மழைக்கால நகரம், ரயில் நிலையம். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் பெரியவரைத் தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் நாலு படம், கறுப்பு வெள்ளையாக மாற்றி, கீழே சோகமாக ரெண்டு வரி. வேலை முடிந்தது! மதிப்பெண்ணும் வந்துவிடும். அந்தப் பெரியவரின் பேர் என்ன என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

இந்தத் தலைப்புப் பிரச்சினை இன்றைக்கு வந்ததல்ல. இதே இடத்தில் நின்ற இரண்டு மாணவர்கள் பிற்பாடு உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர்களானார்கள். ஒருவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த ப்ரூஸ் டேவிட்சன், மற்றவர் அகமதாபாத்தில் படித்த தயானிதா சிங். இரண்டு பேரும் தங்கள் முதல் விஷயத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பது சுவாரசியமான வரலாறு.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி. ஒரே ஒரு நல்ல படம் எடுத்தால் அது புகைப்படக் கட்டுரை ஆகாது. பல படங்களை ஒரு வரிசையில் வைத்து, ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொடங்கி, ஒரு வாழ்க்கையையோ ஒரு இடத்தையோ சொல்ல வேண்டும். இந்த வடிவத்தைப் பரப்பியதில் பெரும் பங்கு 1936 முதல் 1972 வரை வாரப் பத்திரிகையாக வந்த 'லைஃப்'புக்கு உண்டு. அதில் 1948 செப்டம்பரில் யூஜின் ஸ்மித் செய்த 'கிராமத்து டாக்டர்' இன்றும் வகுப்புகளில் காட்டப்படுகிறது. கொலராடோ மாநிலத்தின் க்ரெம்லிங் என்ற சின்ன ஊரில் எர்னஸ்ட் செரியானி என்ற ஒரு டாக்டருடன் 23 நாள் சுற்றி எடுத்த படங்கள் அவை. அமெரிக்க மருத்துவம் பற்றி என்று அவர் கிளம்பியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ தெரியாது. ஒரு டாக்டர், ஒரு ஊர், 23 நாள் என்றதும் விஷயம் கைக்குள் வந்துவிட்டது.

அதே ஸ்மித் 1955-இல் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போனார். மூன்று வாரத்தில் நூறு படம் என்பதுதான் பேச்சு. முழு நகரத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று இறங்கியவர் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேல் நெகடிவ்களைக் குவித்தார். கையில் இருந்த பணம் போனது, உடம்பு கெட்டது. கடைசியில் 1959-இல் ஒரு புகைப்பட ஆண்டு மலரில் 88 படங்களாகத்தான் அது வெளிவந்தது, அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. கணக்கியல் பாடத்தில் வரும் 'மூழ்கிய செலவு' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. படங்கள் அற்புதமானவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'நகரம்' என்று தலைப்பு வைக்கப் போகிற மாணவர்கள் ஒருமுறை ஸ்மித்தை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, யேலுக்கு வருவோம். 1933-இல் பிறந்த டேவிட்சன் ரோச்செஸ்டரில் புகைப்படம் படித்துவிட்டு யேலுக்கு வந்தவர். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜோசஃப் ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் கற்பித்தவர், நிறங்களைப் பற்றி யோசித்தே வாழ்நாளைக் கழித்த ஓவியர். டேவிட்சன் அவரிடம் ஒரு பெட்டி நிறையப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். எல்லாம் தெருவோரக் குடிகாரர்கள். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்திருப்பார், பாவம். இந்த உணர்ச்சிவசப்பட்ட சமாச்சாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓவியமும் நிறமும் படிக்க வா என்றுவிட்டார் ஆல்பர்ஸ்!

ஆல்பர்ஸ் சொன்னது கடுமைதான். ஏழையைப் பார்ப்பதே தப்பு என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விழுந்து கிடப்பவர் யாராக இருந்தாலும் படம் தானாகச் சோகமாகிவிடும். எடுப்பவர் எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அந்தச் சோகத்தைத் தன் திறமை என்று நம்பிவிடுகிற ஆபத்து மாணவப் பருவத்தில் அதிகம்.

யேலில் டேவிட்சன் செய்த மாணவர் கட்டுரையின் விஷயம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி (அமெரிக்கக் கால்பந்து, தோளில் கவசம் கட்டி மோதிக்கொள்வது). அவர் மைதானத்தை விட்டுவிட்டு, ஆட்டத்துக்குப் பின்னால் ஆட்டக்காரர்கள் படும் பாட்டில் கேமராவை வைத்தார். ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். உடை மாற்றும் அறையின் பதற்றத்தை யார் பார்த்தார்கள்? அதே வளாகத்தில் படிக்கிற ஒரு மாணவருக்கு அந்த அறைக்கதவு திறந்தது. 1955-இல் 'லைஃப்' அந்தக் கட்டுரையை 'உடை மாற்றும் அறையில் பதற்றம்' என்ற பொருள் தரும் தலைப்பில் வெளியிட்டது. மூன்றே வருஷத்தில், 1958-இல், மேக்னம் நிறுவனத்தில் சேர்ந்தார்.

டேவிட்சன் பிற்பாடு ஏழைகளிடமும் போனார், அதையும் சொல்லிவிட வேண்டும். 1966 முதல் 1968 வரை நியூயார்க்கின் கிழக்கு 100-ஆம் தெருவில் வேலை செய்தார். ஆனால் போன விதம் வேறு. முதலில் அந்தப் பகுதி மக்களின் குழுவிடம் அனுமதி கேட்டார். பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஆட்கள் அவரை நேராகப் பார்த்து நிற்க, எடுத்தார். பிரிண்ட் போட்டு அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். தூரத்து ஜூம் லென்ஸுக்கு அங்கே இடமே இல்லை.

இனி அகமதாபாத். தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கிய 1961-இல்தான் தயானிதா சிங்கும் பிறந்தார். அங்கே படிக்கச் சேர்ந்தபோது அவருக்குப் புகைப்படக் கலைஞராகும் எண்ணம் இல்லை. கிராஃபிக் டிசைன்தான் குறி. அம்மா எப்போதும் கேமராவும் கையுமாக இருப்பவர், அதனாலேயே மகளுக்குக் கேமரா மேல் பெரிய ஆசை இல்லாமல் போனதாம்.

1981-இல், வகுப்புப் பயிற்சிக்குப் படம் எடுக்க ஜாகிர் ஹுசேனின் தபேலா கச்சேரிக்குப் போனார். (விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் வாசித்தாரே, அதே ஜாகிர்.) படம் எடுக்கக் கூடாது என்று அமைப்பாளர் தரப்பில் ஒருவர் தள்ள, கூட்டத்துக்கு முன்னால் கீழே விழுந்தார். வேறு யாராக இருந்தாலும் அழுதுகொண்டே விடுதிக்குப் போய், ரயில் நிலையத்தைத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் கச்சேரி முடியும் வரை வெளியே காத்திருந்தார். ஜாகிர் வந்ததும், இன்றைக்கு நான் சின்ன மாணவி, ஒருநாள் முக்கியமான புகைப்படக் கலைஞர் ஆவேன், அப்போது பார்த்துக்கொள்வோம் என்ற அர்த்தத்தில் சொன்னார். ஜாகிருக்கு அப்போது வயது முப்பது. கோபித்துக்கொள்ளாமல், பயிற்சி நடக்கும் இடத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஒரு அழைப்பு ஆறு குளிர்காலங்களுக்கு நீண்டது. வட இந்தியாவில் குளிர்காலம்தான் கச்சேரி சீசன். இசைக் கலைஞர்களோடு பயணம் போய், மேடைக்கு வெளியே, வீட்டில், சாதகம் செய்யும்போது என்று எடுத்துக்கொண்டே இருந்தார். டிஜிட்டல் இல்லாத காலம். ஒரு சுருளில் 36 படம், கழுவத் தனிக் காசு, பிரிண்டுக்குத் தனிக் காசு. ஒரு மாணவி ஒரே மனிதர் மேல் ஆறு வருஷம் சுருளைச் செலவழித்தார் என்பதை அந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும். 1986-இல் அது 'ஜாகிர் ஹுசேன்' என்ற புத்தகமானது. தன் முதல் உண்மையான குரு ஜாகிர்தான் என்று தயானிதா சொல்லி வந்திருக்கிறார். மனதை ஒரே இடத்தில் நிறுத்துவதை அவரிடம்தான் கற்றாராம். மாணவியாகக் கையால் ஒட்டி எழுதித் தயாரித்த அந்த மாதிரிப் பிரதியை அப்படியே நகலாக ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் 2019-இல் வெளியிட்டது. ஜாகிர் 2024 டிசம்பரில் காலமானார்.

இரண்டு கதைகளிலும் நூலகத்தில் உட்கார்ந்து தலைப்பு தேடியதாக எதுவும் இல்லை. ஒரு கதவு திறந்தது, அதற்குள் திரும்பத் திரும்பப் போனார்கள். உள்ளே இருப்பவரின் சம்மதம் இல்லாவிட்டால் அந்த விஷயமே கிடையாது.

சம்மதம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தயானிதாவுக்கே 1989-இல் தெரிந்தது. நியூயார்க்கில் புகைப்படம் படித்துவிட்டுத் திரும்பி, லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக டெல்லியின் ஹிஜ்ரா சமூகத்தைப் படம் எடுக்கப் போனார். மோனா அகமது வரவேற்றார், படமும் எடுக்க விட்டார். எந்தப் பத்திரிகைக்கு என்ற பேச்சு வந்தபோது லண்டன் என்று தெரிந்தது. அங்கே மோனாவுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இவர் வாழ்க்கை தெரியாது. சுருளைக் கொடுத்துவிடு என்றார்.

ஒரு இளம் புகைப்படக் கலைஞருக்கு அது வெளிநாட்டுப் பத்திரிகை வேலை. எடுத்தாகிவிட்டது, பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். தயானிதா சுருளைக் கொடுத்துவிட்டார்.

பத்திரிகைக்கு அந்தப் படங்கள் போகவில்லை. ஆனால் மோனாவுடன் நட்பு தொடங்கியது. பத்து வருஷத்துக்கும் மேலாக, மோனா விரும்பியபோது, விரும்பிய விதத்தில் படங்கள் எடுக்கப்பட்டன. குடும்பத்தை விட்டுப் போனவர், ஹிஜ்ரா சமூகத்திலிருந்தும் ஒதுக்கப்பட்டவர், பழைய டெல்லியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டவர் என்று அந்த வாழ்க்கை படங்களில் விரிந்தது. 2001-இல் 'நான் மோனா அகமது' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் வந்தது. அதில் இருக்கும் எழுத்து, மோனா தன் கதையைச் சொல்லிப் பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள். தன்னைப் பற்றி வேறு யாராவது எழுதுவதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டார். 2017-இல் மோனா இறக்கும் வரை அந்த நட்பு இருந்தது.