அம்மைக்குத்தலும் மக்கள் மனமும்

கிண்டியில் 1899-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கிங் நிலையம் அம்மைப்பால் ஆக்கும் பொருட்டே தோன்றியது. அம்மைக்குத்தலோ 1802-இலேயே இந்நாட்டிற்கு வந்துவிட்டது. எனினும் மக்கள் அதனை எளிதில் ஏற்றிலர். ஏன் என்பதே ஈண்டு எமது வினா.

அறியாமை என்று கூறி அமைவாரோடு யாம் உடன்படோம். அம்மை கண்ட இல்லத்து வாயிலில் வேப்பிலை செருகுவர், அயலார் உள்ளே புகார், தாளிப்பு ஒழியும், தலைக்கு நீர் வார்க்கும் நாள்வரை வீட்டார் வெளியூர் செல்லார். நோயாளியை ஒதுக்கி வைக்கும் நெறியை ஆணையிடுவார் எவருமின்றியே கடைப்பிடித்த மக்கள் இவர்.

சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் (இறப்பு 1819) இதனை உணர்ந்தார் போலும். சக்தி தன்வந்திரியோடு உரையாடி, அம்மைப்பாலைப் பசுவின் கொடையெனக் கூறுவதாக ஒரு கதை புனைந்தார். நோக்கம் நன்று, கதை பொய். மக்களின் தடையையும் அது தொடவில்லை. அந்நாளில் அம்மைப்பால் ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றப்பட்டது. அக்குழந்தை எச்சாதி, அதற்கு என்ன நோய் என்பனவே பெற்றோரின் கேள்விகள். முன்னது இகழத்தக்கது. பின்னதோ பொருளுடையது, இம்முறையால் மேகநோய் பரவியதை மேலைநாட்டு மருத்துவரே ஒப்பினர். கன்றின் உடலிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தபின்னரே அவ்வச்சத்திற்கு விடை கிடைத்தது.

2020-இல் கொரோனாவைச் சோதிக்கும் பணியும் அக்கிண்டி நிலையத்திற்கே வந்தது. நோய் கண்டார் வாயில்களில் மாநகராட்சி தகரம் அடித்தது. தகரம் கூறியதும் வேப்பிலை கூறியதே; ஆயின், வேப்பிலையை வீட்டார் தாமே செருகினர். தகரத்திற்கு அஞ்சிச் சோதனைக்கே வாராதிருந்தாரும் உளர்.