அடிமைச் சாசனம் எழுதிய அடிகளார்

1677ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5ஆம் நாள், கோவாவைச் சேர்ந்த இளங் குருவானவர் ஒருவர் பத்திரம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார். அப்போது அவருக்கு வயது 26. நிலம் வாங்குதற்கோ பொருள் கொடுத்தற்கோ எழுதப்பட்ட பத்திரம் அன்று அது. தம்மைத் தாமே தேவமாதாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து அவர் எழுதிய அடிமைச் சாசனம் அது.

அடிமை முறி என்றால் இன்னதென்பதை அக்கால மக்கள் நன்கு அறிவர். கடனாலும் பஞ்சத்தாலும் நலிந்தோர் வேறு வழியின்றித் தம்மையும் தம் மக்களையும் பிறர்க்கு விற்று எழுதிக்கொடுத்த ஓலை அது. அதில் கையொப்பமிட்டவன் தனக்கென ஒன்றும் இல்லாதவனாவான். உயர்குலத்திற் பிறந்து, கல்வி கற்று, குருத்துவமும் பெற்ற ஒருவர், எவரும் வற்புறுத்தாமல், அத்தகைய பத்திரத்தைத் தாமாகவே எழுதியது ஏன்? எழுதியபின் அதன்படி நடந்தாரா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுவோர் கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து புத்தளத்துக்கும், ஈற்றிலே கண்டி மாநகர்க்கும் வருதல் வேண்டும். அக்குருவானவரே ஈழநாட்டுக் கத்தோலிக்கர் இன்றும் நன்றியோடு நினைவுகூரும் யோசேவாஸ் அடிகளார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பம் கொங்கணிப் பிராமணர் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பம். 1676இல் அவர் குருப்பட்டம் பெற்றார். 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கரையோரத்தில் ஊழியஞ் செய்தார். மீண்டு வந்து, கோவாவில் ஒருங்கு கூடிச் செபவாழ்வு நடாத்திய சுதேச குருமார் சிலரோடு 1685இற் சேர்ந்தார். அக்குழுவே பின்னர்ப் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய கோவாச் சபையாயிற்று. அடிகளாரே அதற்குத் தலைவருமானார். நல்ல பெயரும் நிலைத்த பணியும் ஏற்பட்டிருந்த அவ்வேளையிலே அவற்றையெல்லாம் விடுத்து, 1686இல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார்.

அந்நாளில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை யாதாயிருந்தது? 1656இற் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்து மதத்தினர். கத்தோலிக்க குருமாரை அவர்கள் நாட்டினின்று அகற்றினர். குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் கைமாறின. பூசையில்லை, பாவசங்கீர்த்தனங் கேட்பாரில்லை, சாகக்கிடப்போர்க்கு அவஸ்தைப்பூசுதல் கொடுப்பாருமில்லை. இவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன.

முப்பது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம். குருவானவரின் முகத்தையே காணாத பிள்ளைகள் வளர்ந்து, மணம்முடித்து, தாமும் பிள்ளைகளைப் பெறும் காலம் அது. அத்துணைக் காலமும் அம்மக்களிடத்து எஞ்சியிருந்தது செபம் ஒன்றே. இரவில் கதவடைத்து, தாய் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லிய செபமே அவர்களுக்குக் கோயிலும் குருவும் பள்ளிக்கூடமும் ஆயிற்று. அரசாங்கம் கோயிலைக் கைப்பற்றலாம். குருவை நாடு கடத்தலாம். வீட்டின் உள்ளறையில் மெல்லிய குரலில் எழும் மன்றாட்டைக் கைப்பற்ற எந்த அரசாங்கத்தாலும் முடிவதில்லை. அடிகளாரின் வரலாறு அவரிலிருந்து தொடங்குவதன்று. பெயர் எழுதப்படாத அத்தாய்மாரிலிருந்து தொடங்குவது.

1687ஆம் ஆண்டில் அடிகளாரும் யோவான் என்னும் பணியாளரும் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி ஈழக்கரையை அடைந்தனர். குருவின் உடை தரித்து வருதல் இயலாமையால், அடிகளார் கந்தையுடுத்த கூலியாள் கோலத்தில் வெறுங்காலோடு வந்திறங்கினார். பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய அடிமைச் சாசனம் இப்பொழுது உடலிலும் உடையிலும் மெய்யாயிற்று. யாழ்ப்பாணஞ் சேர்ந்ததும் கொடிய பேதிநோய் அவரை வீழ்த்திற்று. நோயிலிருந்து எழுந்ததும் வேறொரு தொல்லை எதிர்ப்பட்டது. கத்தோலிக்கர் யாவர், அல்லாதார் யாவர் என அறிவதெங்ஙனம்? வாய்திறந்து வினாவினால் உளவாளியிடம் அகப்படக்கூடும். அடிகளார் செபமாலை ஒன்றைக் கழுத்தில் அணிந்துகொண்டு, பிச்சைக்காரரைப்போல வீடுவீடாகச் சென்றார். அறியாதார் அதனைப் பொருட்படுத்தவில்லை. அறிந்தாரோ உற்றுநோக்கினர். முப்பதாண்டு காலம் உள்ளறையில் ஒளித்துவைத்த செபமாலையைப் பிச்சைக்காரன் ஒருவன் கழுத்திலே கண்டபோது அவர்கள் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துச் சில்லாலை என்னும் ஊர் அடிகளாருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் ஊர்தோறும் நடந்து பூசை நிறைவேற்றினார். ஒல்லாந்த அதிகாரிகளும் வாளாவிருக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரில் ஏறத்தாழ 300 பேர் யாழ்ப்பாணத்திற் சிறைபிடிக்கப்பட்டனர். சிலர் கசையடியும் கடூழியமும் பெற்றனர். அடிகளார் தப்பினார். தம்பொருட்டுப் பிறர் துன்புறத் தாம் தப்பியது அவர் உள்ளத்தை எத்துணை வருத்தியிருக்கும்! ஆயினும் அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. கண்டியரசனின் ஆணைக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்று, அங்கிருந்து பணியைத் தொடர்ந்தார்.

1692இல் கண்டி நகரை நாடிச் சென்றபோது அடிகளாரின் வாழ்வில் மிகக் கடினமான காலம் தொடங்கியது. அரசவையில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், வருபவர் போர்த்துக்கீச உளவாளி என இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனிடம் கூறினார். அடிகளார் சிறைவைக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகளாக ஓயாது நடந்த கால்கள் அங்கே நின்றன. ஈழநாடு முழுவதிலும் கத்தோலிக்க குரு அவரொருவரே, அவரும் சிறையில். எத்தனையோ பேரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட அவருக்கு, தம் மனச்சுமையை இறக்கி வைப்பதற்கு வேறொரு குரு அந்நாட்டில் இல்லை.

தொழிலே வாழ்வு என்றிருப்பவனுக்குத் தொழில் நின்றால் வாழ்வும் நின்றுவிடும். பிறரின் பாராட்டே பொருளென்றிருப்பவனுக்கு அது கிட்டாதபோது யாவும் வெறுமையாகும். அடிகளாருக்கோ சிறை வெறுமையாகவில்லை. அங்கே அவர் செபித்தார். சிங்கள மொழியைக் கற்றார். சிறிய பீடம் ஒன்று அமைத்து வழிபட்டார். இவரால் தீங்கில்லை எனக் காவலர் உணர்ந்தனர். நாளடைவில் காவல் தளர்ந்தது. நகரிலிருந்த கத்தோலிக்கர் அவரிடம் வரத் தலைப்பட்டனர். தமக்கென ஒன்றும் இல்லை என எழுதிக் கொடுத்தவரிடமிருந்து சிறைக்காவலன் எதனைப் பறிக்க வல்லான்?

அடிகளாரைப்பற்றிப் பெரிதும் பேசப்படுவது ஒரு மழைக்கதை. 1693ஆம் ஆண்டளவில் கண்டி நாட்டிற் கடும் வரட்சி நிலவியது. மழைக்காக மன்றாடும்படி மன்னன் அடிகளாரையும் கேட்டான். அவர் வெளியிலே பீடம் அமைத்துச் சிலுவையை நிறுத்தி முழந்தாளிட்டார். மழை பொழிந்தது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை. மரபு இவ்வாறு கூறுகின்றது. நம்புவோர் நம்பலாம், ஐயுறுவோர் ஐயுறலாம். அதன்பின் மன்னனின் ஆதரவோடு நாடெங்கும் நடமாடும் உரிமையை அடிகளார் பெற்றார் என்பது மட்டும் திண்ணம்.

செபம் என்றால் கேட்டதைப் பெறுதல் என்று கருதுவோர் மழைக்கதையோடு நின்றுவிடுவர். அடிகளாரின் செபத்தை அளந்தறிதற்கு உரிய இடம் அதுவன்று. நான்காண்டுகளின் பின் வந்த வைசூரியே அதற்குரிய இடம்.

1697இல் கண்டி நகரில் வைசூரி நோய் பரவியது. அம்மைப்பால் குத்தும் முறையை எட்வேட் ஜென்னர் கண்டறிந்தது 1796இல். அதாவது ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின்னர். எனவே மருந்தில்லை, ஓடுதலே வழி. மன்னன் நகரை விட்டகன்றான். பிரதானிகள் அகன்றனர். நோயாளரைச் சொந்த உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. மரணபயம் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே கூடச் சுவரெழுப்ப வல்லது. அந்நாளிலே அடிகளாரும், அவருடைய மருகரும் அண்மையில் கோவாவிலிருந்து வந்தவருமான யோசேப்பு கர்வாலியோ அடிகளாரும் நகரை விட்டுச் செல்லவில்லை. கைவிடப்பட்ட வீடுகளை வைத்தியசாலைகளாக்கினர். குடிசைகள் கட்டினர். காட்டிற் கிடந்தோரைத் தேடிச் சென்றனர். புண்களைக் கழுவினர், கஞ்சி ஊட்டினர், இறந்தோரைத் தம் கையால் அடக்கஞ் செய்தனர். கிடந்தவன் கிறிஸ்தவனா பௌத்தனா என்று அவர்கள் பார்க்கவில்லை. இப்பணி பல மாதங்கள் நீடித்தது.

மழைக்காகச் செபிக்கும்போது, வேண்டுவது மனிதன்; கொடுப்பது இறைவன். வைசூரிக் காலத்திலோ நிலைமை மாறியது. அங்கே வேண்டியது நோயாளி, கொடுக்கவேண்டியவர் அடிகளார். இரவெல்லாம் முழந்தாளில் நின்ற நீண்ட செபங்களாலே அவர் பெற்றது யாதெனில், காலையில் எழுந்து அந்நோயாளியிடம் செல்லும் துணிவே. அத்துணிவை எந்த நூலும் கற்பிப்பதில்லை. எந்தக் கூலியும் வாங்கித் தருவதில்லை. 1677இல் மாதாவுக்கு எழுதிய அடிமைச் சாசனத்தின்படி, இருபது ஆண்டுகளின் பின்னர் வேலை வாங்கியவர்கள் கண்டிக் காட்டிற் கிடந்த வைசூரி நோயாளர்களே.

குருமார் இல்லாதிருந்தால் தெருவெல்லாம் பிணக்காடாகியிருக்கும் என்னும் கருத்துப்பட மன்னன் பேசினான் எனக் கூறுவர். அம்மன்னன் பௌத்த மதத்தில் மிகுந்த பற்றுடையவன். அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வருவித்து, இந்நாட்டில் அருகியிருந்த உபசம்பதையைப் புதுப்பித்த பெருமையும் அவனுடையதே. தன் சமயத்தை அவன் விடவில்லை; அடிகளாரும் தம் சமயத்தை மறைக்கவில்லை. ஒருவரையொருவர் மதித்தனர். 1707இல் அவன் மறைந்தபின் அரசெய்திய வீர நரேந்திரசிங்க மன்னனும் அடிகளாருக்கு ஆதரவு நல்கினான். பல சமயங்கள் வாழும் இந்நாட்டில் இது மறத்தற்கரிய செய்தி.

1696 முதலாகக் கோவாவிலிருந்து வேறு குருமார் வந்து சேர்ந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் கற்று இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். தவசு காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் உருக்கத்தோடு படித்துவரும் வியாகுலப் பிரசங்கம் அவர் அருளியதே. ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்து, குரு இல்லாத நாளிலும் மக்கள் கூடிச் செபிக்கும் ஒழுங்கை யோசேவாஸ் அடிகளார் நிலைநிறுத்தினார். தாய்மார் உள்ளறையிற் காத்த செபம் இப்போது ஊரவையின் செபமாயிற்று. ஆயர் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை அவர் ஏற்கவில்லை. அடிமைக்கு அணிகலன் எதற்கு?

1711ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆம் நாள் கண்டி நகரில் அடிகளாரின் ஆவி பிரிந்தது. வயது 59. ஈழத்துக்கு வந்தபின் அவர் தாயகத்துக்கு ஒருமுறையேனும் திரும்பியதில்லை. வாழ்நாளிற் பேணாது விட்டதை மரணவேளையிற் செய்தல் எளிதன்று என்பதே இறுதியில் அவர் தம் உடனிருந்தோர்க்குக் கூறிய புத்திமதி என்பர்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தை அளித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில், பெருந்திரளான மக்கள் முன்னிலையில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனப் பிரகடனஞ் செய்தார். புனிதர் பட்டத்துக்கு வழக்கமாக வேண்டப்படும் இரண்டாவது அற்புதத்தின் சான்று அவர் திறத்தில் வேண்டப்படவில்லை. அவர் வாழ்வே போதிய சான்றாயிற்று எனலாம்.

கண்டியில் அவர் அடக்கஞ் செய்யப்பட்ட இடம் இன்னதென்று இன்று காட்டுவாரில்லை. தமக்கென ஒரு பிடி மண்ணும் வைத்துக்கொள்ளாதவர்க்கு அதுவும் பொருந்துவதே. வாழ்வின் பொருளைத் தேடுவோர் பலர், தமக்கு என்ன கிடைக்கும் என்ற வினாவோடு தேடுகின்றனர். தேடித் தேடிக் களைக்கின்றனர். தாம் யாருக்கு உரியவர் என்ற வினாவோடு அடிகளார் தேடினார். அவ்வினாவுக்கு விடை கிடைத்த நாளிலே அதனை எழுதிக் கையொப்பமும் இட்டார். பின்வந்த 33 ஆண்டுகளும் அக்கையொப்பத்தைக் காப்பாற்றினார். அவர் செபித்த செபம் அது.