பிரட்டுக்களம் – 12: ஏழு பேர் போதும்!

முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கி வெடித்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1940 ஜனவரி 10. கோவிந்தன் என்ற தொழிலாளி விழுந்தார். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் வெடித்த அந்தச் சத்தம் கொழும்பு மந்திரிசபை வரை கேட்குமா என்று கேட்டிருந்தோம்.

கேட்டது. வேலைநிறுத்தக்காரர்கள் மீதான வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்க சொன்னார். பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் செவிசாய்க்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் கூண்டோடு பதவி விலகினார்கள். விசாரணை ஆணைக்குழுவின் முன்னால் கோவிந்தனின் மனைவிக்காக எழுந்து நின்றவர் சமசமாஜக் கட்சியின் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. லயத்துக்காரர் ஒருவரின் சாவுக்குக் கணக்குக் கேட்க கொழும்பிலிருந்து வக்கீல் வருவது மலையகம் அதுவரை காணாத சங்கதி.

அந்த ஆண்டே துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இனிமேல் சங்கம் பேசும், துரை கேட்பார், துப்பாக்கிக்கு வேலையில்லை என்று நம்பியவர்கள் அநேகம்.

பதினாறே ஆண்டு. இன்னொரு தோட்டம், இன்னொரு வேலைநிறுத்தம், இன்னொரு சாவு. இம்முறை டயகம. ஆனால் டயகமத் தொழிலாளர்கள் வீதியில் இறங்கியது சம்பளத்துக்காக இல்லை. பிறகு எதற்காக?

பாதை முடியும் ஊர்

தலவாக்கலையில் பஸ் ஏறினால் லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி, வளைவுக்கு வளைவு குளிர் கூடிக்கொண்டே போய், டயகமயில் இறக்கிவிடும். அதற்கும் மேலே ஹோர்ட்டன் சமவெளியின் காடும் பனியும்தான்.

அந்தக் காலத்துத் தோட்டத்தின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் தப்புச் சத்தம். பிரட்டுக்களத்தில் வரிசை. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுப்பார். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அம்மா கூடையோடு ஏறுவாள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அரிசிக்கான காசு சம்பளத்திலேயே கழிந்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மலை தோட்டத்துடையது. அரிசி தோட்டம் கொடுப்பது. பிள்ளைக்காம்பராவும் மருந்தும் தோட்டத்துடையவை. லயத்தில் படுத்துறங்கும் பத்தடிக் காம்பராவும் தோட்டத்துடையதே. பட்டணத்து ஆலையில் வேலை போனவன் அன்று மாலை தன் வீட்டுக்குப் போவான். இங்கே வேலை போனால் வீடும் போகும். கையில் ‘பத்துச்சீட்டு’ கொடுத்து அனுப்பிவிட்டால் பெண்டு பிள்ளையோடு பாதையில் நிற்க வேண்டியதுதான்.

சங்கம் வருவதற்கு முன்பு சட்டமும் துரையின் பக்கமே நின்றது. வேலையை விட்டு ஓடினால் சிறைக்கு அனுப்பியது 1865ஆம் ஆண்டுச் சட்டம். கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ ஒன்றைக் கையில் கொடுத்து, ஆளையே கடனோடு சேர்த்துக் கைமாற்றும் வழக்கம் 1921இல்தான் ஒழிந்தது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அந்தப் பதினொரு சதத்தை மனதில் வைத்திருங்கள். திரும்பி வருவோம்.

வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல். 1931இல் ஹட்டனைத் தளமாக்கி முதல் தோட்டத் தொழிற்சங்கத்தைக் கட்டிய கோ. நடேசய்யர், சேலை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்ததாகச் சொல்லும் கதை இந்த நிலைமையிலிருந்து பிறந்தது.

1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதில் ஒரு விந்தை. ஏழு பேர் சேர்ந்தால் போதும், ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்! ஆனால் அந்த ஏழு பேரோடு துரை பேசியாக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த இல்லாத வரிதான் டயகமயில் உயிரைக் குடித்தது.

மிஞ்சியது ஒரே ஒரு சீட்டு

1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார். சிதறிக் கிடந்த இந்திய அமைப்புகள் ஒன்றாகி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம். 1947 தேர்தலில் மலையக மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, தலவாக்கலையில் தோட்டத்திலேயே பிறந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. இங்கேயும் ஏழு!

அந்த மகிழ்ச்சி ஓராண்டு தாங்கியது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் போயின. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. பறிபோன வாக்கு திரும்பவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் வேடிக்கை பார்த்தார்கள்.

இனி அவர்கள் கையில் என்ன இருந்தது? பாராளுமன்றத்துக்கு ஆளனுப்ப முடியாது. கிராம சபைக்கும் முடியாது. துரையைத் தேர்ந்தெடுக்க ஒருபோதும் முடிந்ததில்லை. இவர் எனக்காகப் பேசட்டும் என்று ஒருவரைக் கைகாட்ட மிஞ்சிய ஒரே இடம் சங்கம். வாக்குச்சீட்டு போன வீட்டில் சந்தாச்சீட்டே வாக்குச்சீட்டாகியது.

இதை விளங்கிக்கொள்ளாமல் 1956ஐ விளங்கிக்கொள்ள முடியாது.

தொண்டமான் சங்கம், அசீஸ் சங்கம்

1950இல் பெயர் மாறி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆகிவிட்ட அந்தப் பெரிய வீட்டுக்குள் இரண்டு அண்ணன்மார். தொண்டமான் வெவண்டன் தோட்டத்துச் சொந்தக்காரர். ஒரு தோட்ட முதலாளி தொழிலாளர் தலைவராகவும் இருந்த அதிசயம் அது. ஏ. அசீஸ் வணிகப் பின்னணியும் இடதுசாரிச் சாய்வும் கொண்டவர். இருவரும் லயத்து மக்களுக்காக உழைத்தவர்கள்தான். ஆனால் இருவரில் ஒருவர்கூட லயத்தில் குடியிருந்து பிரட்டுக்களத்தில் நின்றவரில்லை. எழுதப் படிக்க, ஆங்கிலத்தில் பேச, வழக்காட, துரைக்கு எதிர்நாற்காலியில் அமர வெளியிலிருந்து தலைவர்கள் தேவைப்பட்டார்கள். வெளியிலிருந்து வந்த தலைவர்களோடு அவர்களுடைய போட்டியும் உள்ளே வந்தது.

தலைமை யாருக்கு என்ற இழுபறி முற்றி வீடு இரண்டானது. அசீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசைத் தொடங்கினார். ஒரே லயத்தில் இந்தக் காம்பரா தொண்டமான் சங்கம், அடுத்த காம்பரா அசீஸ் சங்கம்.

துரைமாருக்கு இது இரட்டை ஆதாயம். இரண்டு சங்கம் இருந்தால் ஒன்றைக் காட்டி மற்றதை அடக்கலாம். வேண்டாத சங்கமென்றால், உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். சொல்வதைத் தடுக்கச் சட்டம் இல்லையே!

டயகமயில் நடந்தது இந்த இரண்டாவது. அசீஸின் புதிய சங்கத்தை நிர்வாகம் ஏற்கவில்லை. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஐந்து சதம் கூடுதலாகக் கேட்கவில்லை, அரிசி கேட்கவில்லை. நாங்கள் சேர்ந்திருக்கும் சங்கத்தோடு பேசு என்றார்கள். அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்து வேலைநிறுத்தம் இரு பக்கமும் கூரான கத்தி. கொழுந்து காத்திருக்காது. எட்டுப் பத்து நாள் கை படாத செடியில் இலை முற்றிவிடும், ஸ்டோருக்குத் தூள் கெடும், துரைக்கு நட்டம். மறுபக்கம், செக்ரோல் என்ற வேலை இடாப்பில் பெயர் விழாத ஒவ்வொரு நாளும் தொழிலாளியின் அடுப்பில் கை வைக்கும். யார் முதலில் சளைப்பார் என்பதே போராட்டம்.

டயகமயில் அந்தக் கேள்விக்கு விடை வருவதற்குள் பொலிஸ் வந்தது. துப்பாக்கி வெடித்தது.

விழுந்தவர் பெயர் ஏப்ரஹாம் சிங்கோ.

பெயரை இன்னொரு தடவை படியுங்கள். சிங்களத் தொழிலாளி. ‘சிங்களம் மட்டும்’ சட்டம் நிறைவேறி, மொழி இந்த நாட்டை இரண்டாகக் கிழித்த அதே 1956. அந்த ஆண்டில், பெரும்பாலும் தமிழர்களைக் கொண்ட ஒரு சங்கத்தின் அங்கீகாரத்துக்கான போராட்டத்தில் ஒரு சிங்களவர் உயிரை விட்டார். மலையகத் தியாகிகளின் வரிசையில் முல்லோயாக் கோவிந்தனோடு டயகம ஏப்ரஹாம் சிங்கோவின் பெயரையும் சேர்த்தே இன்றும் சொல்கிறார்கள்.

வரவும் பற்றும்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்.

வரவுப் பக்கம் சிறியதில்லை. 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தொழில் நியாய சபைகள் வந்தன. வேலைநீக்கப்பட்டவருக்காகச் சங்கமே வழக்குப் போடலாம் என்றானது. பத்துச்சீட்டுக்கு நடுங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தப் பதினொரு சதம் நினைவிருக்கிறதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சம்பள வேற்றுமை 1984இல் ஒழிந்தது. அந்த ஏப்ரலில் சங்கங்கள் பகை மறந்து ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தன. 1927 முதல் எண்ணினால் 57 ஆண்டு! கூடையைச் சுமந்தவள் பெரும்பாலும் பெண். மேடையில் ஏறியவர் பெரும்பாலும் ஆண். அத்தனை காலம் ஏன் எடுத்தது என்பதற்கு இதிலும் பாதி விடை இருக்கிறது.

பற்றுப் பக்கம் வாருங்கள். 1956இல் இரண்டான வீடு அதோடு நிற்கவில்லை. 1965இல் தொழிலாளர் தேசிய சங்கம். அப்புறம் மலையக மக்கள் முன்னணி. அப்புறம் இன்னும் எத்தனையோ. தலைவர்கள் அமைச்சர்களானார்கள். அரசில் அமர்ந்தபடி அரசிடம் கோருவதும், தோட்ட அலுவலகமே கழித்துக் கொடுக்கும் சந்தாவை வாங்கியபடி தோட்டத்தோடு மோதுவதும் எளிதில்லை. ‘சந்தா மட்டும் தவறாமல் போகுது’ என்ற லயத்துப் புலம்பல் அங்கிருந்து வருவது.

தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, மூன்று தரப்புச் சங்கங்கள் கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளரையும் கட்டியது. ஆயிரம் ரூபா கேட்டு ஊர் ஊராகப் போராடிய பின், 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்று கையெழுத்தானது. ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில். அதையும் தந்தது அரசின் சம்பளச் சபை. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன.

விலகட்டும் என்றார்கள் சிலர். பிறகுதான் உறைத்தது. சம்பளச் சபை ஒரு நாளுக்கு எவ்வளவு என்று சொல்லும். ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதை மேசையில் எதிரெதிராக அமர்ந்துதான் பேச வேண்டும். மேசையே இல்லாவிட்டால் தராசைப் பிடித்தவன் சொல்வதே கிலோ.

அப்படியானால் டயகம கேட்ட அந்த வரி? சட்டத்தில் வந்தது. 1999இல்! தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதவர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது குற்றம் என்று கைத்தொழிற் பிணக்குச் சட்டம் திருத்தப்பட்டது. ஏப்ரஹாம் சிங்கோ விழுந்து 43 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பிறக்கும். நாற்பது வீதம் சேர்ந்தால்தான் துரை கதவைத் திறந்தாக வேண்டும். ஏழு ஏழாகப் பிரிந்துகொண்டே போனவர்கள் நாற்பதைத் தொடுவது எப்படி? விரும்பிய சங்கத்தில் சேரும் உரிமைக்காக டயகமயில் உயிர் போனது. அந்த உரிமையைப் பயன்படுத்திப் பயன்படுத்தியே பலம் கரைந்தது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் மேடைப் பேச்சாளர்.

இரண்டே நாற்காலி

மீண்டும் 1956க்குப் பின்னால் போவோம். தொழிலாளிக்காக யார் பேசுவது என்று லயத்துக்கு லயம் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த எட்டாவது ஆண்டு. 1964 ஒக்டோபர் 30. டெல்லியில் ஒரு மேசை. இரண்டே நாற்காலி. ஒன்றில் லால் பகதூர் சாஸ்திரி, மற்றதில் சிறிமாவோ பண்டாரநாயக்க. தொண்டமான் சங்கத்துக்கு அங்கே இடமில்லை. அசீஸ் சங்கத்துக்கும் இல்லை.

மேசையில் இருந்தது கொழுந்து நிறுவை போன்ற ஒரு கணக்கு. மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. கூட்டிப் பாருங்கள், கணக்கு உதைக்கும். 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை!

அவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதி, இரு பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு எழுந்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி பாதை முடியும் ஊருக்கு ஏறி வந்த காலையில் பிரட்டுக்களத்தில் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் யார் ஐந்தேகால் இலட்சத்தில், யார் மூன்று இலட்சத்தில், யார் அந்த ஒன்றரை இலட்சத்தில்?

*(அடுத்த வாரம்)*