ரைட் ஆன்: ஒரு இசைத்தட்டு, இரண்டு பிழைகள்

கிறிஸ்டி மூரின் 'ரைட் ஆன்' 1984-ல் வந்த இசைத்தட்டு. ஏட்ஸ் கவிதைக்கு மெட்டுப் போட்டது, சாராயம் காய்ச்சுகிறவனைப் பற்றிய பாட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். நான் திரும்பத் திரும்பக் கேட்டது இரண்டு வரலாற்றுப் பாடல்களைத்தான். இரண்டிலுமே பிழை இருக்கு. ஒன்றைப் பாடகரே திருத்திவிட்டார். இன்னொன்று அப்படியே நிற்கிறது.

திருத்தியது ஸ்பெயின் பாட்டு. பிராங்கோவை எதிர்த்துப் போரிடப் போன அயர்லாந்துக்காரர்களைப் பற்றியது. அந்தப் போரில் நேரில் நின்ற மைக்கேல் ஓ'ரியோர்டன் 1979-ல் எழுதிய 'கனலி காலம்' என்ற நூலைப் படித்துவிட்டு மூர் இதை எழுதினார். இறந்தவர்களைப் பெயர் சொல்லிப் பாடுகிறார். எதிர்ப்பக்கம் ஓ'டஃபி தலைமையில் சுமார் 700 அயர்லாந்துக்காரர்கள் பிராங்கோவுக்காகப் போனதையும் விடவில்லை. தலைப்பில்தான் சறுக்கல்: 'குயின்டா', அதாவது ஐந்தாம் பிரிகேடு. அவர்கள் இருந்ததோ பதினைந்தாம் பிரிகேடு, 'குயின்ஸே'. பின்னாளில் மாற்றிப் பாடினார். (நாம் துரோகிகளுக்குச் சொல்லும் 'ஐந்தாம்படை'யே இந்தப் போரில் பிறந்த சொல்தான். பாவம், எந்த எண்ணில் போய் இடறினார் பாருங்கள்!)

அடுத்தது 'பேக் ஹோம் இன் டெர்ரி'. எழுதியவர் பாபி சாண்ட்ஸ். 1803-ல் டெர்ரியிலிருந்து கப்பலேற்றப்பட்டு வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, நாடு கடத்தப்பட்ட கைதி பேசுவதுபோல அமைந்த பாட்டு. ஆவணத்தை வைத்துப் பார்த்தா இது இடிக்கும். அன்றைய அயர்லாந்துக் கைதிக் கப்பல்கள் பெரும்பாலும் கார்க், டப்ளின் பக்கமிருந்து கிளம்பி சிட்னிக்குத்தான் போயின. டாஸ்மேனியாவில் ஆங்கிலேயர் முதலில் குடியேறியதே 1803 செப்டம்பரில். சிட்னியிலிருந்து போன அந்தக் கூட்டத்தில் ஐம்பது பேர்கூட இல்லை.

அப்புறம் ஏன் 1803? அயர்லாந்தில் அது சும்மா ஒரு வருஷம் இல்லை. ஜூலை 23-ல் ராபர்ட் எம்மெட் டப்ளினில் கிளர்ச்சி செய்து தோற்றார். செப்டம்பர் 20-ல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய 1798 கிளர்ச்சிக்காரர்களில் பலர் ஏற்கெனவே நியூ சவுத் வேல்ஸில் கைதிகள். 1804 மார்ச்சில் அவர்கள் அங்கேயும் எழுந்தார்கள், காஸில் ஹில் என்ற இடத்தில். கிளர்ச்சிக்காரனும் திருடனும் ஒரே கப்பலில், ஒரே விலங்கில் போன காலம் அது.

சாண்ட்ஸ் இருந்த சிறையில் சண்டையே அதைப் பற்றித்தான். 1976 மார்ச் 1-க்குப் பிந்தைய குற்றங்களுக்கு அரசியல் கைதி என்ற தகுதி கிடையாது என்று பிரிட்டன் அறிவித்தது. சிறை உடையை மறுத்தவர்கள் போர்வையோடு கிடந்தார்கள். சாண்ட்ஸ் கழிப்பறைத் தாளில், ஒளித்துவைத்த பேனாக் குச்சியால் எழுதினார். புரட்டிப் பார்க்க ஆவணக்காப்பகமா இருந்தது அங்கே? ராத்திரியில் அறைக்கு அறை கத்திச் சொன்ன கதைகளும் பாட்டுகளும்தான். 'நான் குற்றவாளி இல்லை' என்று பாட்டில் எங்கேயும் அவர் வாதாடவில்லை. 1803-ஐ வைத்தார், ஊர்க்காரனுக்குப் புரிந்துவிட்டது. என் கணக்கில் இது பிழை, ஆனால் குயின்டா மாதிரிப் பிழை இல்லை. அதைத் திருத்தினால் பாட்டு கெடவில்லை. இதைத் திருத்தினால் பாட்டே போய்விடும்.

மெட்டும் இரவல்தான். கனடாக்காரர் கார்டன் லைட்ஃபுட் 1976-ல் பாடிய 'எட்மண்ட் ஃபிட்ஜெரால்டு' கப்பல் பாட்டின் மெட்டு. 1975 நவம்பரில் சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கிய சரக்குக் கப்பல் அது.

66 நாள் உண்ணாவிரதம் இருந்து 1981 மே 5-ல் சாண்ட்ஸ் இறந்தார். அதற்கு 26 நாள் முன்புதான் அவரைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இந்தத் தட்டில் மூர் அந்தப் பாட்டை 1803 என்றேதான் தொடங்குகிறார்.