போதை நோயும் சிறுநீர்ச் சோதனையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உளது. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்தது. ஊராத்துறைக்கு வரும் மரக்கலம் உடையுமாயின் பண்டாரத்துக்குரிய பங்கு எது, உடையவனுக்குரிய பங்கு எது என அது வரையறுக்கிறது. யானை குதிரை ஏற்றிய கலமாயின் நாலில் ஒன்றே அரசுக்கு. ஏனைய பண்டமாயின் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. குதிரை வந்த அக்கடலில் இன்று கேரளக் கஞ்சா வருகின்றது. கடற்படையினர் மூடைகளைக் கைப்பற்றிய செய்தி தீவுப்பகுதியார்க்குப் புதிதன்று. பிடிபட்ட மூடையைப் பற்றிப் பேசுவோர் பலர். பிடிபடாத மூடையால் நோயுற்றவனைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1910ஆம் ஆண்டுச் சட்டம் அபினுண்போரைப் பதிவேட்டில் ஏற்றியது. ஆயினும் ஒருவன் உடலினுட் சென்ற அபினைக் காட்டவல்ல எளிய சோதனை எதுவும் அன்று அலுவலர் கையில் இருந்ததில்லை.

அத்தகைய சோதனை மருத்துவமனைக்கு வந்த வரலாறு சுவையானது. நியூயோர்க் நகரில் வின்சென்ற் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் 1964இல் ஹெரோயின் நோயாளருக்கு மெதடோன் கொடுத்துப் பேணலாயினர். சிகிச்சை பலிக்கின்றதா என்பதை அறிய நோயாளியின் வாய்மொழி மட்டும் போதவில்லை. 1966இல் டோலும் துணைவரும் சிறுநீரிலுள்ள மருந்துகளைத் தனிவகைத் தாளொன்றிற் பற்றவைத்துக் கண்டறியும் முறையை வெளியிட்டனர்.

ஆனால் அதே கருவி காவலர் கைக்கும் எட்டிற்று. 1971இல் வியட்நாமிலிருந்து தாயகம் திரும்பும் அமெரிக்கப் போர்வீரர் யாவரும் சிறுநீர் கொடுத்த பின்னரே விமானம் ஏறலாயிற்று. போதைப்பொருள் காணப்பட்டவன் நிறுத்தி வைக்கப்பட்டான். மருத்துவம் பாதி, அச்சுறுத்தல் பாதி என்றே அதனைக் கூறவேண்டும்.

1990களில் வேர்மண்ட் மாநிலத்தில் ஸ்ரீபன் ஹிக்கின்ஸ் என்பவர் இதனைத் தலைகீழாக்கினார். கொக்கெயின் கலவாத சிறுநீர் கொடுத்த நோயாளிக்குப் பொருள் பெறும் சீட்டு வழங்கினார். தொடர்ந்து தூயதாயின் சீட்டின் மதிப்பு ஏறும். 1994இல் வெளிவந்த ஆய்வில், சீட்டுப் பெற்றோரில் நூற்றுக்கு 75 பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தனர். பெறாதோரில் நூற்றுக்கு 40 பேரே.

இலங்கையில் 1984இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழிவகுத்தது.

தீவுகளுக்கு ஏற்றது சிறு பட்டிச் சோதனையே. சில நிமிடங்களில் விடை தெரியும், ஆய்வுகூடம் வேண்டா. கோடு தோன்றினால் பொருள் இல்லை, தோன்றாவிடில் உண்டு என்பது பலரை மயக்கும் ஏற்பாடு. வேறு மயக்கங்களும் உள. கசகசா சேர்ந்த உணவும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அபின் உண்டவனைப் போலக் காட்டக்கூடும். ஹெரோயினின் சுவடு இரண்டு மூன்று நாளில் மறையும். நெடுங்காலம் கஞ்சா புகைத்தவன் உடலிலோ, விட்டொழித்து வாரங்கள் கடந்தும் அது நிற்கும். அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய கொழுப்புத்திசு மெல்லவே அதனை விடுகின்றது. இதனை அறியாத தந்தை மகனை வீட்டைவிட்டு விரட்டவும் கூடும். ஆதலின் ஐயமான விடையை ஆய்வுகூடத்தில் மறுபடி சோதித்தல் வேண்டும். நெடுந்தீவான் ஒருவனுடைய சிறுநீர் அதற்கெனக் குறிகாட்டுவானுக்குப் படகேறிப் பின் யாழ்ப்பாணம் செல்லவேண்டும். முடிவு வருமட்டும் அவனுடைய மருந்தும் மருத்துவரின் பேச்சும் முன்போலவே தொடரவேண்டும்.