ஜே.டி.டி. பிறந்த கதை

ஜொகூருக்குக் காற்பந்து புதிதல்ல. 1985-இல் கோலாலம்பூரை வென்று மலேசியக் கிண்ணத்தை முதல்முறையாகக் கொண்டுவந்தோம். 1991-இல் லீக் பட்டமும் மலேசியக் கிண்ணமும் ஒரே ஆண்டில் வந்தன. கிண்ண இறுதியாட்டத்தில் அன்று நம்மிடம் தோற்றது சிலாங்கூர். 1998-இல் எஃப்.ஏ. கிண்ணம். அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. மாநிலச் சங்கத்துக்கு ஓர் அணி, ஜொகூர் கார்ப்பரேஷன் வளர்த்த ஜொகூர் எஃப்.சி. இன்னோர் அணி என்று பணமும் ஆதரவும் இரண்டாகப் பிரிந்து கிடந்தன.

2012-இல் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கு இளவரசர் துங்கு இஸ்மாயில் வந்தார். இந்திய இராணுவத்தின் 61-ஆவது குதிரைப்படையில் பணியாற்றி, 2007-இல் டில்லி குடியரசு தின அணிவகுப்பில் அந்தப் படைக்குத் தலைமை தாங்கிச் சென்றவர். மறு ஆண்டே ஜொகூர் எஃப்.சி. புதுப் பெயர் பெற்றது: ஜொகூர் டாருல் தாக்சிம். சுருக்கமாக ஜே.டி.டி.

பெயரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். அணி அப்படி உருவாகாது. இளைஞர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்துக் காத்திருந்தால் பத்து ஆண்டு ஆகும். அதற்குப் பொறுமை இல்லாததால், மற்றவர்கள் வளர்த்த வீரர்களை அழைத்து வந்தார்கள். ஸ்பெயினிலிருந்து டானி குயிசா வந்தார். 2008-இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தவர். இத்தாலியின் சிமோனே டெல் நேரோ வந்தார். இந்தோனேசியாவில் ஆடிக்கொண்டிருந்த சஃபீ சாலி திரும்பி வந்தார். முந்திய ஆண்டு மூன்று பட்டங்களையும் வாரிச் சென்ற கிளந்தானிலிருந்து நோர்ஷாருல் இட்லான் வந்தார். சிலாங்கூரிலிருந்து சாஃபிக் ரஹிம் வந்தார். பயிற்றுநர் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது.

இவர்களில் சாஃபிக்கின் வருகைதான் ஆறாத புண்ணாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. 2010 டிசம்பரில் இந்தோனேசியாவைத் தோற்கடித்து மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை வென்றது. அந்த அணிக்குப் பயிற்றுநர் நம் கே. ராஜகோபால். களத்தில் தலைவர் சாஃபிக். புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என்று வென்ற அந்த இரவை மலேசியர் யாரும் மறக்கமாட்டார்கள். ஃப்ரீ கிக் கிடைத்தால் பந்தின் முன் அவர் வந்து நிற்பார். அரங்கமே எழுந்து நிற்கும். அப்படிப்பட்டவர் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெற்கே போனால் இரசிகனுக்கு வலிக்காதா?

நம் நாட்டில் காற்பந்து என்பது மாநிலத்தின் மானம். 1921-இல் தொடங்கிய மலேசியக் கிண்ணப் போட்டியே அப்படி வளர்த்தது. அதை 33 முறை வென்ற சிலாங்கூர் இரசிகனுக்குத் தன் அணி பரம்பரைச் சொத்து. அதிலிருந்து ஒருவரை, நேற்றுப் பெயர் வைத்த அணி பணம் கொடுத்து அழைத்துக்கொண்டது என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஜொகூர்க்காரனாக இருந்தும் அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

முதல் ஆண்டு அந்தக் கோபத்துக்கு ஆறுதலும் கிடைத்தது. 2013 லீக் பட்டத்தைச் சிங்கப்பூரின் லயன்ஸ் 12 தட்டிச் சென்றது. எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் ஜே.டி.டி.யை 1-0 என்று வீழ்த்தியது வேறு யாருமல்ல, நோர்ஷாருலை இழந்த அதே கிளந்தான். இத்தனை நட்சத்திரங்களை வாங்கியும் கையில் ஒன்றுமில்லை. ஃபாண்டியும் பதவியில் நீடிக்கவில்லை.

2014-இல் எல்லாம் மாறியது. லீக் பட்டம் ஜொகூருக்கு வந்தது. 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை அது வேறெங்கும் போகவில்லை. 2015 அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஜே.டி.டி. ஏ.எஃப்.சி. கிண்ணத்தை எடுத்தது. கோலடித்தவர் அர்ஜென்டினாவின் லியாண்ட்ரோ வெலாஸ்குவெஸ். தென்கிழக்காசியக் கிளப் ஒன்று அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல்முறை. கிண்ணத்தைத் தூக்கிய தலைவர் சாஃபிக். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த அணியில் நம் எஸ். குணாளனும் இருந்தார். நெகிரி செம்பிலானில் பெயரெடுத்து, சிலாங்கூரில் ஆடி, பிறகு தெற்கே வந்தவர். ஜொகூரின் மாசாயிலும் ஸ்கூடாயிலும் தமிழ்ப் பிள்ளைகள் ஜே.டி.டி. சட்டையை உரிமையோடு போட்டுக்கொள்ள அவரும் ஒரு காரணம்.

அணி மாறியவன் மீது பழைய அணி இரசிகர்களுக்கு வரும் வெறுப்பு எங்கும் உள்ளதுதான். பார்சிலோனாவை விட்டு 2000-இல் ரியால் மாட்ரிட் போன லூயிஸ் ஃபிகோவை நோக்கி, இரண்டு ஆண்டு கழித்தும் பன்றித் தலையை வீசினார்கள். ஆனால் ‘துரோகி’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். காற்பந்து வீரனின் தொழில் வாழ்க்கை பதினைந்து ஆண்டு நீடித்தால் அதிகம். முழங்கால் போனால் அதோடு சரி. மலேசிய அணிகள் பலவற்றில் சம்பள பாக்கி தீராத நோயாக இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தவன் நல்ல இடம் தேடிப் போவதைத் தவறென்று சொல்ல, கடைசி மாதச் சம்பளத்தைக் கேட்டு அலைந்த வீரனின் வீட்டைப் பார்த்தவர்களுக்கு மனம் வராது.

சாஃபிக் 2019-இல் மலாக்கா போனார், 2021-இல் ஜே.டி.டி.க்குத் திரும்பினார். 2024 மே 5 அன்று சிலாங்கூர் வீரர் ஃபைசால் ஹலிம் மீது அமிலம் வீசப்பட்டது. இரண்டே நாளில் ஜொகூர் பாருவில் சாஃபிக்கின் காரை வழிமறித்துக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தார்கள். அந்த வாரம் நடக்கவிருந்த ஜே.டி.டி. ஆட்டத்துக்குச் சிலாங்கூர் வரவில்லை. எதிரெதிர் சட்டை போட்ட இரண்டு வீரர்களின் குடும்பங்களும் ஒரே வாரத்தில் நடுங்கின. அந்த நேரத்தில்கூட இரு தரப்பிலும் சிலர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஷா ஆலாமில் பழைய அரங்கத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். சிலாங்கூர் நண்பர்களே, அங்கே உங்கள் பழைய வீரர்களின் படங்களை மாட்டும்போது சாஃபிக் ரஹிமின் படத்தையும் மாட்டுங்கள். ஜொகூர் நண்பர்களே, அந்தப் படத்தைக் காட்டி அவர்களைச் சீண்டாதீர்கள்.